கி.பி. 130-இல் யூதேயாவில் யார், எங்கே, எந்த மொழியில் பேசினார்கள்?

திரைச்சீலை
வணக்கம். மேடை நாடகம் ஒன்றுக்கு வசனம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். களம் யூதேயா. காலம் பர் கோக்பா கிளர்ச்சியை (அவன் தலைமையில் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தது) ஒட்டியது, கி.பி. 128 முதல் 135 வரை. ஐந்து காட்சிகள்: கல்யாண ஒப்பந்தம் எழுதுவது, ஓய்வுநாள் ஜெப ஆலய வாசிப்பு, சந்தையில் பேரம், படைத்தலைவன் கடிதம் அனுப்புவது, கடைசியில் ஒரு சாவு. வசனம் முழுக்கத் தமிழ்தான். ஆனால் பாத்திரம் மொழி மாறும் இடத்தில் தமிழும் மாற வேண்டும் என்கிறார் இயக்குநர். ஒன்றுக்குச் செந்தமிழ், ஒன்றுக்குப் பேச்சு, ஒன்றுக்கு ஆபீஸ் தமிழ். கையில் இருக்கும் சூத்திரம் இதுதான்: கோயிலுக்கு எபிரேயம், வீட்டுக்கு அரமேயம், அரசாங்கத்துக்குக் கிரேக்கம். இதை வைத்துக்கொண்டு போகலாமா?

கல்வெட்டுக்காரன்
போக முடியாது. முதல் கட்டமே இடிக்கிறது. எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70-லேயே தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். உங்கள் காலத்தில் இருப்பது ஜெப ஆலயம். அங்கே மொழிக் கணக்கு வேறு, ஒரே அறைக்குள் இரண்டு மொழி ஓடும். அதை மறைவாசகி அக்கா வந்து சொல்வார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 701-இல் அசீரியப் படை எருசலேமை வளைத்தபோது, யூத அரசன் எசேக்கியாவின் அதிகாரிகள் அசீரியத் தூதன் ரப்சாக்கேயிடம் ‘அரமேயத்தில் பேசும், மதில்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க யூத பாஷையில் பேச வேண்டாம்’ என்று கெஞ்சுகிறார்கள் (2 இராஜாக்கள் 18). நம் பழைய வேதாகமத்தில் அது ‘சீரிய பாஷை’ என்று இருக்கும். அன்றைக்கு அரமேயம் அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்த அரசாங்க மொழி, தெருவில் எபிரேயம். கி.மு. 586-இல் பாபிலோனுக்குச் சிறைபோனார்கள். பின்னால் வந்த பாரசீகப் பேரரசும் தன் நிர்வாகத்தை அரமேயத்திலேயே நடத்தியது. இருநூறு வருஷத்துக்குள் பல இடங்களில் நிலைமை தலைகீழ்.

எகிப்தில் அஸ்வான் பக்கம் எலிஃபண்டைன் தீவில் ஒரு யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. அவர்களுடைய கடன் பத்திரம், வீட்டு விற்பனை, கல்யாண ஒப்பந்தம், கடிதம் கிட்டத்தட்ட எல்லாமே அரமேயம். கி.மு. 410-இல் அவர்களுடைய கோயில் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்ட உதவி கேட்டு 407-இல் யூதேயா ஆளுநர் பகோகிக்கு மனு போடுகிறார்கள். கோயில் சமாச்சாரம், யூதர்கள் எழுதுவது, யூதேயாவுக்கு எழுதுவது. இருந்தும் அரமேயம்தான். ‘சாமி விஷயம் என்றால் எபிரேயம்’ என்ற கணக்கு அப்போதே பொருந்தவில்லை.

உச்சிவெயில்
சுருக்கமா சொல்லிடலாமே. சிறைப்போயிட்டு வந்தப்புறம் எபிரேயம் செத்துப்போச்சு. படிச்சவங்க மட்டும் எழுதினாங்க, மத்தவங்க அரமேயம். ஏசு பேசினதா சுவிசேஷத்துல அப்படியே விட்டிருக்கிற ‘தலீத்தாகூமி’, ‘எப்பத்தா’ ரெண்டும் அரமேயம்தானே. நாடகத்துக்கு இது போதும், ஏன் குழப்பணும்?

கல்வெட்டுக்காரன்
@உச்சிவெயில், அந்தச் சொற்கள் வடக்கே, கலிலேயாப் பக்கம் பேசியவை. நாடகம் யூதேயாவில், அதுவும் நூறு வருஷம் கழித்து. வடக்கையும் தெற்கையும் ஒன்றாக்கினால்தான் ‘செத்துப்போச்சு’ என்று வரும்.

1845-இல் ஆபிரகாம் கைகர் என்ற ஜெர்மன் ரபி (யூத மதகுரு), மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின் எபிரேயம் பண்டிதர்கள் உட்கார்ந்து செய்த செயற்கை மொழி என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதுதான் பாடம். 1908-இல் எம்.எச். சீகல் அதை மறுத்தார்: இந்த மொழியில் வேதாகம எபிரேயத்திலும் இல்லாத, அரமேயத்திலும் இல்லாத கூறுகள் இருக்கின்றன, பண்டிதன் எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டார். வாதம் வாதமாகவே இருந்தது. 1951-52-இல் சாக்கடல் பக்கம் முரப்பாத் குகைகளில் கிளர்ச்சிக்காரர்களின் கடிதங்கள் கிடைத்த பிறகுதான் கதை மாறியது.

அதில் ஒன்று, சிமியோன் பென் கோசிபா (பர் கோக்பாவின் உண்மைப் பெயர்) யேசுவா பென் கல்குலாவுக்கு எழுதியது. ‘வானம் சாட்சி, உன் காலில் விலங்கு மாட்டுவேன், பென் அஃப்லூலுக்குச் செய்த மாதிரி’ என்று மிரட்டுகிறான். மொழி எபிரேயம். கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டல். செயப்படுபொருளைக் காட்ட எபிரேயத்தில் ‘எத்’ என்று ஒரு சொல் வரும், அதன் பின் ‘ஹ’ என்ற சுட்டு. ‘வானத்தை’ என்பதற்கு ‘எத் ஹஷ்ஷாமாயிம்’ என்று எழுத வேண்டும். இந்த ஆள் இரண்டையும் விழுங்கி ‘தஷ்ஷாமாயிம்’ என்று ஒரே சொல்லாக எழுதியிருக்கிறான். ‘விலங்குகளை’ என்பதற்கும் அதே கதை. புத்தகத்தைப் பார்த்துக் கற்ற மொழியில் இப்படிச் சுருங்காது; வாயில் புழங்கினால்தான் சுருங்கும்.

உச்சிவெயில்
சரி, ஒரு படைத்தலைவன் எழுதினான். அவன் வேணும்னே எபிரேயம் எழுதியிருக்கலாம் இல்லையா? சுதந்திர நாடு, சொந்த மொழி, கொடின்னு. அரசியல்.

நாணயப்பெட்டி
அரசியல் இருந்தது, மறுக்க முடியாது. நாணயத்தைப் பாருங்கள். பர் கோக்பா புதிதாக உலோகம் வார்க்கவில்லை; புழக்கத்திலிருந்த ரோமக் காசை எடுத்து, முகத்தை மழித்து, அதன்மேல் தன் அச்சைக் குத்தினான். சில காசுகளில் பேரரசனின் பழைய எழுத்து அடியில் மங்கலாகத் தெரியும். மேலே வருவது ‘எருசலேமின் விடுதலைக்காக’ போன்ற வாசகம். மொழி எபிரேயம், எழுத்தோ அன்றைக்கு யாரும் தினசரி எழுதாத பழைய எபிரேய எழுத்து. கி.பி. 66-70 கிளர்ச்சிக் காசுகளிலும் அதே எழுத்து. அதற்கும் முன்னால் அஸ்மோனியர் என்ற யூத வம்சத்து அரசன் அலெக்சாந்தர் யன்னாய் ஒரு பக்கம் பழைய எபிரேய எழுத்தும் மறு பக்கம் கிரேக்கமும் போட்டான். அவன் காசில் அரமேயம் எழுதிய வகையும் உண்டு.

ஆனால் இதே பர் கோக்பாவின் கடிதங்கள் சாதாரணச் சதுர எழுத்தில்தான் இருக்கின்றன. காசில் வேஷம், கடிதத்தில் வேலை. மொழி வேறு, எழுத்து வேறு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் திரைச்சீலைக்குக் குழப்பம் வராது. சதுர எழுத்தே அரமேயத்திலிருந்து வந்தது. எபிரேயத்தை எழுத யூதர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

மேடைப் பொருள் செய்பவர்களுக்கு: சுருளில் எழுத்துக்குக் கீழே புள்ளி, கோடு போடாதீர்கள். அந்த உயிர்க்குறிகள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. இணையத்தில் எபிரேயம் என்று தேடினால் புள்ளியோடுதான் படம் வரும், அப்படியே பிரதி எடுத்துவிடுவார்கள். புத்தகம் மாதிரி தைத்த ஏடும் வேண்டாம், சுருள். ஆறுமுனை நட்சத்திரத்தை யூதச் சின்னமாகக் கதவில் மாட்ட வேண்டாம். ஏழு கிளை விளக்கு போதும்.

ஓலைநறுக்கு
கல்யாணக் காட்சிக்கு வருகிறேன். உங்கள் காலத்துக்கும் இடத்துக்கும் அச்சாக ஒரு குடும்பம் இருக்கிறது, கற்பனையே வேண்டாம்.

பாபத்தா. சாக்கடலின் தென்கோடியில் மகோசா ஊர்க்காரி. 1960-61-இல் தொல்லியலாளர் யிகாயேல் யாதின் நஹல் ஹெவர் குகையைத் தோண்டியபோது அவளுடைய தோல் பை கிடைத்தது. உள்ளே 35 ஆவணங்கள், கி.பி. 94 முதல் 132 வரை. அவள் ஊர் நபத்திய ராஜ்ஜியத்தில் இருந்தது. கி.பி. 106-இல் ரோம் அதை விழுங்கி அரேபியா மாகாணம் ஆக்கியது. அதற்கு முந்தைய பத்திரங்கள் நபத்திய அரமேயம். பிறகு கிரேக்கம் குவிகிறது. காரணம் நீதிமன்றம். வழக்கு ஆளுநரிடம் போனால் கிரேக்கப் பத்திரம் செல்லும், மற்றதை மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். குடும்பத்தில் யாரும் கிரேக்கத்தில் காதல் கொண்டு எழுதவில்லை.

இந்தக் குடும்பத்தில் இரண்டு கல்யாணம். பாபத்தா எலெயாசரின் மகன் யூதாவை மணக்கிறாள். அந்த ஒப்பந்தம் அரமேயம், மோசேயின் சட்டப்படி என்ற வாசகத்தோடு. அதே யூதா, தன் இன்னொரு மனைவியின் மகள் ஷெலம்சியோனை 128 ஏப்ரலில் யூதா கிம்பருக்குக் கட்டிக் கொடுக்கிறான். அந்த ஒப்பந்தம் கிரேக்கம். சீதனம் 200 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு), மாப்பிள்ளை தன் பங்கு 300 சேர்க்கிறான், ஆக 500-க்கு அவன் பொறுப்பு. கிரேக்க வழக்கப்படி மனைவி பிள்ளைகளைக் காப்பேன் என்று எழுதித் தருகிறான். ஆனால் கிரேக்கப் பத்திரத்தின் அடியில் மாமனாரும் மாப்பிள்ளையும் தங்கள் கையால் எழுதியது அரமேயம்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன், மேடையில் நன்றாக எடுபடும். இது இரட்டைப் பத்திரம். ஒரே பாப்பிரஸ் தாளில் ஒரே வாசகத்தை இரண்டு தரம் எழுதுவார்கள். மேல் பிரதியைச் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதி, இறுகச் சுருட்டி, நூலால் பல இடத்தில் கட்டிவிடுவார்கள். கீழ்ப் பிரதி திறந்தே இருக்கும், படிக்க. தாளைத் திருப்பி, ஒவ்வொரு கட்டுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு சாட்சி கையெழுத்திடுவான். பின்னால் யாராவது ‘200 என்பதை 300 ஆக்கிவிட்டாய்’ என்றால், நீதிபதி முன் நூலை அறுத்து மேல் பிரதியை ஒப்பிட வேண்டியதுதான்.

பேச்சு வரிசை இப்படி வரும். மாப்பிள்ளையும் மாமனாரும் அரமேயத்தில் தொகை பேசுவார்கள். எழுத்தர் அதைக் கேட்டுக் கிரேக்கத்தில் எழுதுவார். எழுதியதைத் திரும்ப அரமேயத்தில் சொல்லிக் காட்டுவார். பிறகு ஒப்பம். பெண்ணுக்காக ஆண் ஒருவர் ‘இவளுக்கு எழுத்துத் தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்திடுவதும் இந்தக் கட்டில் உண்டு.

திரைச்சீலை
இது தங்கம். அப்போ எபிரேயம் கல்யாணத்தில் எங்கேயுமே இல்லையா? விவாகரத்தில்?

மறைவாசகி
கல்யாணப் பத்திரத்தில் இல்லை தம்பி. விவாகரத்துச் சீட்டில் முக்கிய வாசகம் எது என்று மிஷ்னாவிலேயே (கித்தீன் 9) இரண்டு பேச்சு இருக்கு: ‘நீ எந்த ஆணுக்கும் அனுமதிக்கப்பட்டவள்’ என்பது எபிரேயத்தில் கொடுக்கப்படுகிறது, ரபி யூதா அரமேயத்தில் நீளமான வாசகம் ஒன்று சொல்கிறார். ஒரு மொழியில் எழுதி, சாட்சி கிரேக்கத்தில் ஒப்பமிட்டாலும் செல்லும் என்று அதே அத்தியாயம். இன்றைக்கும் மரபு யூதர்களின் விவாகரத்துச் சீட்டு 12 வரி அரமேயம். சட்டப் பத்திரத்தில் கையெழுத்திடுபவனுக்குப் புரியணும், அதுதான் முதல் கணக்கு.

இப்ப ஜெப ஆலயம். ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்: நான் தரும் விதிகள் மிஷ்னா, அதன் துணைத் தொகுப்பு தோசெஃப்தா, மிஷ்னாவுக்குப் பின்னால் எழுந்த விரிவுரை தல்மூத் ஆகியவற்றிலிருந்து. மிஷ்னா தொகுக்கப்பட்டதே கி.பி. 200 வாக்கில். ரபிகள் ‘இப்படிச் செய்’ என்று சொன்னது எல்லா ஊரிலும் நடந்தது என்று அர்த்தமில்லை. நடக்காததால்தான் சில விதிகளை எழுத வேண்டியிருந்தது.

ஓய்வுநாள் காலை தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிக்க ஏழு பேரை அழைப்பார்கள், ஒவ்வொருவரும் மூன்று வசனத்துக்குக் குறையாமல், ஆக 21. திங்கள், வியாழன் மூன்று பேர். வாசிப்பவர் சுருளைப் பார்த்து எபிரேயத்தில் ஒரு வசனம் வாசித்து நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் (மெதுர்கெமான்) அதை அரமேயத்தில் உரக்கச் சொல்வார். பிறகு அடுத்த வசனம். தீர்க்கதரிசிகள் என்றால் மூன்று வசனம்வரை ஒன்றாக வாசிக்கலாம், ஏனென்றால் அதிலிருந்து சட்டம் பிறப்பதில்லை, பிசகினால் ஆபத்துக் குறைவு.

உங்கள் நடிகர்களுக்குக் கைகால் வேலை இதோ. மொழிபெயர்ப்பாளர் கையில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. தூணில் சாய்ந்து நின்ற ஒருவரை ‘பயத்தோடு கொடுக்கப்பட்டதைப் பயத்தோடுதான் சொல்லணும்’ என்று ரபி சாமுவேல் தடுத்ததாக எருசலேம் தல்மூத்தில் இருக்கு. இன்னொருவர் ஏட்டைப் பார்த்துச் சொன்னதையும் தடுத்தார். வாசிப்பவர் மொழிபெயர்ப்பாளருக்கு அடியெடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மொழிபெயர்ப்பும் சுருளில் எழுதியிருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். ஒருவர் குரல் இன்னொருவர் குரலை மீறக் கூடாது. அரமேயம் எவ்வளவு அவசியமானாலும் அது ‘வாசிப்பு’ இல்லை, ‘சொல்வது’ மட்டும்தான் என்று காதுக்கும் கண்ணுக்கும் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பிசகும் இடம் எது? சொல்லுக்குச் சொல் சொன்னால் பொருள் கெடும், கூட்டிச் சொன்னால் வேதத்தில் கைவைத்த குற்றம். ரபி யூதாவின் வாக்கு: வசனத்தை அப்படியே மொழிபெயர்ப்பவன் பொய்யன், கூட்டுபவன் தேவதூஷணக்காரன். இடையில் எங்கேதான் நிற்பது என்று பாவம் அந்த ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. சில பகுதிகளை வாசித்துவிட்டு மொழிபெயர்க்காமல் விடுவதும் உண்டு: ரூபன் தகப்பனின் மறுமனையாட்டியிடம் போனது, பொற்கன்றுக்குட்டிச் சம்பவத்தில் ஆரோன் சொல்லும் சமாதானம். பெரியவர்களின் மானம் போகக் கூடாது என்று. உங்கள் நாடகத்தில் யாராவது திடீரென்று மொழிபெயர்ப்பை நிறுத்தினால் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும்.

உச்சிவெயில்
அக்கா, இது என் வாதத்தைத்தானே காட்டுது? ஜனங்களுக்கு எபிரேயம் புரியலை, அதனால மொழிபெயர்ப்பு.

மறைவாசகி
வேதாகம எபிரேயம் எழுநூறு, எண்ணூறு வருஷம் பழசு. எபிரேயம் பேசுகிறவனுக்கும் அது முழுக்கப் புரியாது. அன்றைய பேச்சு எபிரேயம் அதிலிருந்து விலகிவிட்டது: இணைப்புச் சொல் ‘அஷேர்’ போய் ‘ஷெ’ வந்தது, பன்மை ‘-ஈம்’ பல இடத்தில் ‘-ஈன்’ ஆனது, வினையின் காலமுறையே மாறிவிட்டது. ரபி யோகனான் (இறந்தது கி.பி. 279) ‘தோராவின் மொழி வேறு, அறிஞர்களின் மொழி வேறு’ என்றே சொல்லிவிட்டார்.

தல்மூத்தில் (மெகில்லா 18) ஒரு சம்பவம். ‘செருகீன்’ என்ற சொல்லுக்கும், ஏசாயாவில் வரும் துடைப்பம் பற்றிய ஒரு சொல்லுக்கும் சீடர்களுக்குப் பொருள் தெரியவில்லை. மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹநாசி வீட்டு வேலைக்காரி, சீடர்கள் சேர்ந்து வராமல் இடைவெளி விட்டு உள்ளே வருவதைப் பார்த்து ‘எதுவரைக்கும் செருகீன் செருகீனாக வருவீர்கள்’ என்கிறாள். இன்னொருத்தியிடம் ‘துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கு’ என்று அதே வேரிலிருந்து வந்த சொல்லைச் சொல்கிறாள். படித்தவன் தடுமாறிய இடத்தில் வீட்டுவேலைக்காரி வாயில் சொல் இருந்தது. கதைக்கு மெருகு ஏற்றியிருப்பார்கள், சரி. ஆனால் கேட்டவர்களுக்கு அது நம்பும்படி இருந்தது.

கல்வெட்டுக்காரன்
இதோடு நிலவியலைச் சேர்க்க வேண்டும். எபிரேயப் பேச்சு தங்கியிருந்தது யூதேயாவின் கிராமங்களில். 135-இல் கிளர்ச்சி தோற்றதும் அந்தக் கிராமங்கள்தான் அழிந்தன. தப்பியவர்கள் வடக்கே, அரமேயம் பேசும் கலிலேயாவுக்குப் போனார்கள். எபிரேயம் தாய்மொழியாக நின்றுபோனதற்குப் பாபிலோனைவிட இந்தப் போர்தான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. உங்கள் நாடகம் அந்த மொழி வீட்டில் பேசப்பட்ட கடைசித் தலைமுறைகளில் ஒன்றில் நடக்கிறது.

உச்சிவெயில்
கடைசித் தலைமுறைன்னா சரி. ஆனா எல்லா வீட்டிலும் எபிரேயம்னு எழுதிடாதீங்க.

ஓலைநறுக்கு
யாரும் எழுதவில்லை. பாபத்தா வீட்டில் பேச்சு அரமேயமாகத்தான் இருந்திருக்கும்.

திரைச்சீலை
சந்தைக் காட்சியில் ஒரு கலிலேயனை விட்டால் பேச்சை வைத்துச் சிரிப்பு வரவைக்கலாமா? பேதுருவை ‘உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது’ என்று பிடித்தார்களே.

மறைவாசகி
தயாராகவே இருக்கு (தல்மூத், எருவின் 53). ஒரு கலிலேயன் சந்தையில் ‘அமர் யாருக்கு வேணும், அமர் யாருக்கு வேணும்’ என்று கூவுகிறான். யூதேயாக்காரர்கள்: ‘முட்டாள் கலிலேயனே! ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா?’ அரமேயத்தில் இந்த நாலும் தொண்டை எழுத்திலும் உயிரொலியிலும்தான் வேறுபடும்: ஹமார், ஹமர், அமர், இம்மர். தொண்டையிலிருந்து வரும் ‘ஹேத்’, ‘அயின்’ இரண்டையும் அவன் மென்மையாக்கிவிட்டான். நம்மூரில் ‘வாளப்பளம்’ கேட்டு அடுத்த ஊர்க்காரன் சிரிப்பது மாதிரி. நடிகர் ல, ழ, ள மூன்றையும் ஒன்றாக்கினால் தமிழ்ப் பார்வையாளருக்கு உடனே விளங்கும்.

ஜெப ஆலயத்தில் இது சிரிப்பில்லை. பெத்சான், ஹைஃபா, திவோன் ஊர்க்காரர்களை ஜெபம் நடத்த முன்னே அனுப்பாதே, ‘ஆலெஃப்’பை ‘அயின்’ என்றும் ‘அயினை’ ‘ஆலெஃப்’ என்றும் சொல்கிறார்கள் என்று மெகில்லா 24-இல் விதியே இருக்கு. ஏசாயா 8:17-இல் ‘கர்த்தருக்குக் காத்திருப்பேன்’ என்ற சொல்லில் ‘ஹேத்’தை ‘ஹே’ ஆக்கினால் ‘அடிப்பேன்’ என்று வந்துவிடும். யார் வாசித்தாலும் கூட்டம் காதைப் பொத்தும்.

திரைச்சீலை
அக்கா, அப்போ எதை எபிரேயத்திலேயே சொல்லித் தீர வேண்டும், எதை எந்த மொழியிலும் சொல்லலாம்?

மறைவாசகி
மிஷ்னாவில் சோத்தா ஏழாம் அத்தியாயம் பட்டியலே தருகிறது. எந்த மொழியிலும்: ஷெமா (‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் அறிக்கை), நின்று சொல்லும் ஜெபம், சாப்பாட்டுக்குப் பின் நன்றி, தசமபாக அறிக்கை, சாட்சி ஆணை, ஒப்படைத்த பொருள் பற்றிய ஆணை, சந்தேகிக்கப்பட்ட மனைவிக்கு ஆசாரியன் வாசிப்பது. எபிரேயத்தில் மட்டும்: முதற்கனி அறிக்கை, ஆசாரியரின் ஆசி, மைத்துனன் மணம் மறுக்கும் செருப்புச் சடங்கு, அரசன் வாசிப்பு, போருக்குமுன் ஆசாரியன் பேச்சு, இன்னும் மூன்று. பிரிக்கும் கோடு புனிதம் இல்லை, பாருங்கள். ஷெமாவைவிடப் புனிதம் என்ன இருக்கு? வேதம் ஒருவர் வாயில் வார்த்தையை வைத்து ‘இப்படிச் சொல்’ என்றால் பெரும்பாலும் அந்த வார்த்தை மாறக் கூடாது. தானே வேண்டுகிறவனுக்கும் ஆணையிடுகிறவனுக்கும் அர்த்தம் புரிந்தாகணும்.

முதற்கனி அறிக்கையில் ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. எபிரேயத்தில் ஓதத் தெரிந்தவன் தானே ஓதினான், தெரியாதவனுக்கு ஆசாரியன் அடியெடுத்துக் கொடுத்தான். பார்க்கிறவர்களுக்கு யார் தெரியாதவன் என்று தெரிந்துவிட்டது. வெட்கப்பட்டுப் பலர் கூடை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அப்புறம், தெரிந்தவனோ தெரியாதவனோ, எல்லோருக்கும் அடியெடுத்துக் கொடுப்பது என்று முடிவு (பிக்கூரீம் 3:7). ஆலயம் இருந்த காலத்துச் செய்தி இது.

தனி ஜெபத்துக்கு அரமேயம் வேண்டாம், தேவதூதர்களுக்கு அரமேயம் தெரியாது என்று ரபி யோகனான் சொன்னதாக ஒன்று உண்டு. நோயாளி பக்கத்தில் மட்டும் பரவாயில்லையாம், அங்கே தேவ சந்நிதியே இருக்கிறதாம். பின்னால் கதீஷ் என்ற புகழ்ச்சி ஜெபமே அரமேயத்தில் அமைந்தது, தூதர்களைக் கேட்கவில்லை போலும்.

நாணயப்பெட்டி
கிரேக்கத்தை அரசாங்கத்துக்கு மட்டும் ஒதுக்கியதையும் திருத்துங்கள். அலெக்சாந்திரியாவில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே தோரா கிரேக்கத்துக்கு வந்துவிட்டது, அங்கே அதுதான் வேதம். எருசலேமிலேயே, ஆலயம் இருந்த காலத்தில், தியோடோட்டோஸ் என்ற ஆசாரியர் கட்டிய ஜெப ஆலயத்தின் கல்வெட்டு கிரேக்கம்: தோரா வாசிக்க, கட்டளைகளைக் கற்பிக்க, வெளியூர்க்காரர் தங்க அறையும் தண்ணீரும் என்று. அவர் தகப்பனும் பாட்டனும் ஜெப ஆலயத் தலைவர்கள். செசரியாவில் ஷெமாவையே கிரேக்கத்தில் சொன்னார்கள். ஒரு ரபி தடுக்கப் போனார், ரபி யோசே கோபப்பட்டு ‘எபிரேயம் தெரியாதவன் அதைச் சொல்லவே கூடாதா?’ என்று கேட்டார்.

ஓலைநறுக்கு
படைத்தலைவன் கடிதக் காட்சி மிச்சம். நஹல் ஹெவர் குகையில் ஒரே கட்டாக 15 கடிதங்கள், பெரும்பாலும் என்கேதியிலிருந்த யெகோனதான், மசபலா என்ற இரு தலைவர்களுக்கு வந்தவை. அரமேயம் அதிகம், எபிரேயம் சில, கிரேக்கம் இரண்டு. அரமேயக் கடிதத்தில் தலைவன் ‘பார் கோசிபா’, எபிரேயத்தில் ‘பென் கோசிபா’. வசனத்தில் இதைக் காப்பாற்றுங்கள்.

எடுக்க வேண்டிய கடிதம் யூதா பார் மெனாசேக்குப் போனது, அரமேயம். இரண்டு கழுதை அனுப்புகிறேன், இரண்டு ஆளோடு அவற்றை யெகோனதானிடமும் மசபலாவிடமும் அனுப்பு, அவர்கள் பேரீச்சங்குருத்தும் எலுமிச்சைபோன்ற எத்ரோக் கனியும் ஏற்றட்டும், நீ உன் பக்கத்திலிருந்து மிர்தலும் அலரியும் அனுப்பு, தசமபாகம் கழித்து அனுப்பு, படை பெரியது. கூடாரப் பண்டிகைக்கு வேண்டிய நான்கு செடி. போர் நடுவில், வேதக் கட்டளைக்கான சரக்கு, கொச்சை அரமேயத்தில்.

அதே பண்டிகைச் சரக்குக்காக சௌமாயோஸ் என்பவர் எழுதிய கடிதம் கிரேக்கம். எபிரேய எழுத்தில் எழுத வாய்க்காததால் கிரேக்கத்தில் எழுதியது என்று அதிலேயே ஒரு சாக்கு இருக்கிறது. எழுத்து சிதைந்த இடம். ‘விருப்பம் இல்லாததால்’ என்று சிலரும், ‘ஹெர்மாஸ் என்ற எழுத்தர் கிடைக்காததால்’ என்று சிலரும் வாசிக்கிறார்கள். எழுதியவர் பர் கோக்பாவேதான் என்பவர்களும் உண்டு. யூதரல்லாத அதிகாரி என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

கல்வெட்டுக்காரன்
ஒரு பக்கவாட்டுச் செய்தி. ஓலைநறுக்கு சொன்ன ‘வாசகம் ஒரு மொழி, ஒப்பம் இன்னொரு மொழி’ வழக்கத்துக்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: கி.பி. 849 கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வாசகம் வட்டெழுத்தில், சாட்சிகள் அரபு கூஃபி எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். காலம் மிகப் பிந்தியது, நாடகத்துக்கு உதவாது.

திரைச்சீலை
கடைசிக் காட்சி, சாவு. ஒப்பாரி எந்த மொழி? எலும்புப் பெட்டியில் பெயர் எழுதுவதைக் காட்டலாமா?

நாணயப்பெட்டி
எலும்புப் பெட்டி எருசலேமில் கி.பி. 70-உடன் பெரும்பாலும் நின்றது. தெற்கு யூதேயாவில் உங்கள் காலம்வரை தொடர்ந்தது, அங்கே வைத்தால் சரி. ஆனால் செத்த அன்றைக்குப் பெட்டி வராது. உடலைப் பாறையில் வெட்டிய மாடத்தில் வைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எலும்பைப் பொறுக்கிச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் போடுவார்கள். பெட்டியின் நீளம் தொடை எலும்பு அளவு. பெயரைச் சொந்தக்காரரே கல்லறைக்குள் மங்கலான வெளிச்சத்தில் ஆணியால் கீறுவார், வரி கோணலாக ஓடும். சிலவற்றில் ஒரே பெயர் யூத எழுத்திலும் கிரேக்க எழுத்திலும். ‘அப்பா’, ‘அம்மா’ என்று மட்டும் கீறியதும் உண்டு. எபிரேயம் பேசுகிறவர்களும் வீட்டில் அரமேயச் சொல்லான அப்பா, இம்மாவைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

மறைவாசகி
ஒப்பாரிக்கு அரமேயம். பெத்குவ்ரின் ஊர் ரபி யோனத்தான் கணக்கில் பாட்டுக்குக் கிரேக்கம், போருக்கு லத்தீன், ஒப்பாரிக்கு அரமேயம், பேச்சுக்கு எபிரேயம். செலவுக்கும் அளவு இருக்கு: இஸ்ரவேலில் எவ்வளவு ஏழையானாலும் மனைவி செத்தால் இரண்டு குழலும் ஒரு ஒப்பாரிக்காரியும் வைக்கணும் என்கிறார் ரபி யூதா. பாடும் முறை இரண்டு. எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் பாடுவது ஒன்று. ஒருத்தி சொல்ல மற்றவர்கள் பதில் பாடுவது இன்னொன்று. பண்டிகை நடு நாளில் செத்தால் முதலாவதற்கு மட்டும் அனுமதி, கை தட்டக் கூடாது. பாடையை ஒட்டி நடப்பவர்கள் மட்டும் தட்டலாம் என்று ரபி இஸ்மவேல். எந்த நாளில் சாவு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எது பொருந்தும் என்று பார்ப்போம்.

திரைச்சீலை
கூடாரப் பண்டிகை மூன்றாம் நாள். பேரீச்சங்குருத்து வந்து சேர்ந்த பிறகு.

மறைவாசகி
அப்போ சேர்ந்து பாடுவது. அடக்கம் ஆனதும் அதையும் நிறுத்திவிடணும்.